ஊசி முனை வழியே உள்ளே வரும் கிருமி

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஊக்குநரோ, நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு உறுப்பினரோ நிறுத்தி நிதானமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்கலாம்.)



சென்ற முறை கூட்டமைப்புக் கூட்டத்தில் அவசரக் கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்திருந்தார். ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. "பையனுக்குத் தொடை எலும்பு முறிஞ்சதுக்கு ஆன செலவு பாதிதாங்க. ரத்தத்துல கிருமி ஏறினதுக்கு ஆன செலவு மீதிப் பாதி" என்றார். கூட்டத்தில் இருந்த பலருக்கு இது புரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்குக் கிருமி எப்படி ஏறும்? கிருமியைக் கொல்வதற்குத்தானே ஆஸ்பத்திரி? ஒரு அக்கா வாய்விட்டே கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். பையனுக்கு வயது 22. வல்லம் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் பைக்கில் வரும்போது லாரி உரசி விழுந்துவிட்டான். 108 வந்து கொண்டுபோனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. இட்லி சாப்பிட்டான், செல்போன் பார்த்தான், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரித்தான். ஐந்தாம் நாள் சாயங்காலம் கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். இரண்டு போர்வை போட்டும் நிற்கவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "விழுந்ததுல பயந்துட்டான், மந்திரிச்சா சரியாப் போயிடும்" என்றார்கள்.

அம்மாவின் கண் மட்டும் பையனின் கையில் போனது. குளுக்கோஸ் ஏற்றுவதற்காகப் போட்டிருந்த ஊசி. அடிபட்டு வந்த அன்று அவசரப் பிரிவில் அவசர அவசரமாகப் போட்டது, ஐந்து நாளாக அதே இடத்தில் இருந்தது. சுற்றிலும் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. மேலே ஒட்டிய பிளாஸ்திரி உடம்பு துடைக்கும்போது நனைந்து ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. "நான்தான் கைக்குட்டையால அதும்மேல கட்டிவிட்டேன். சிஸ்டருகிட்ட சொன்னா திட்டுவாங்களோன்னு சொல்லல" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் ஓடிப் போய்ச் சொன்னவரும் அவர்தான். நர்ஸ் உடனே ஊசியைக் கழற்றினார். டாக்டர் வந்து ரத்தம் எடுத்து கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி மருந்தை ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது: ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் வளர்ந்திருக்கிறது. 14 நாள் ஊசி மருந்து. அந்த நாளெல்லாம் அம்மா நடத்தும் இட்லிக் கடைக்குப் பூட்டு. பையன் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.

ரத்தத்தில் கிருமி என்றால்

நம் தோல் மேலும், மூக்கிலும், குடலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் எப்போதும் இருக்கின்றன. பையனுக்கு வந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் குடியிருக்கிறது. அங்கே இருக்கிற வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனால் ரத்தம் அப்படி இல்லை. அங்கே கிருமி தங்கக் கூடாது.

நம் மாவட்டம் ஏரி மாவட்டம் என்பதால் ஏரிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். கரை பலமாக இருக்கும் வரை ஊருக்குப் பயமில்லை. கரையில் நண்டு ஒரு வளை தோண்டினால் போதும், முதலில் கசியும், பிறகு கரையையே அரித்துவிடும். நம் தோல்தான் கரை. ஆஸ்பத்திரியில் நம் நன்மைக்காகவே அந்தக் கரையில் துளை போடுகிறார்கள். குளுக்கோஸ் ஊசி ஒரு துளை. ஐ.சி.யு.வில் கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் இன்னொன்று. டயாலிசிஸுக்குப் போடும் குழாயும் அப்படியே. ஆபரேஷன் தையல், மூத்திரக் குழாய், மூச்சுக்காகத் தொண்டையில் விடும் குழாய் ஆகியவை வழியாகவும் கிருமி உள்ளே போய்க் கடைசியில் ரத்தத்தில் சேரலாம். துளை போடாமல் வைத்தியம் செய்ய முடியாது. அதனால் ஊசியே வேண்டாம் என்று யாரும் அடம் பிடிக்காதீர்கள். துளையைக் காவல் காக்க வேண்டும், வேலை முடிந்ததும் அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிருமி ரத்தத்தில் பெருகினால் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். சில சமயம் அந்தச் சண்டையே எல்லை மீறி நம் உறுப்புகளைத் தாக்க ஆரம்பிக்கும். இதைத்தான் டாக்டர்கள் 'செப்சிஸ்' என்கிறார்கள். ரத்தக் குழாய்கள் கசிகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் மூத்திரம் நின்றுபோகிறது, மூளைக்குப் போதாமல் ஆள் உளறுகிறார். உலகம் முழுவதும் 2017-ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்ததாகவும், 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகவும் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. இதில் ஆஸ்பத்திரியில் வந்ததும் உண்டு, வீட்டிலேயே நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று தொடங்கியதும் உண்டு.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை முன்னின்று நடத்தும் கண்காணிப்பில், 2017 மே முதல் 2024 ஏப்ரல் வரை 54 மருத்துவமனைகளின் 200 ஐ.சி.யு.க்களைக் கவனித்தார்கள். சென்ட்ரல் லைன் போட்ட இடத்தால் ரத்தத்தில் கிருமி ஏறியவர்கள் 8,629 பேர். 1000 'லைன் நாட்களுக்கு' 9 பேர் என்ற அளவில் வந்தது. அதாவது 100 நோயாளிகளுக்கு ஆளுக்குப் பத்து நாள் லைன் இருந்தால், அதில் 9 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற, மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமிகள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளைப் பயமுறுத்திக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. எண்ணிப் பார்க்கிற ஆஸ்பத்திரிதான் குறைக்க முயற்சி எடுக்கும்.

குறைக்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2003-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. சென்ட்ரல் லைன் போடும் முன் கை கழுவுவது, நோயாளியை முழுத் துணியால் மூடிப் போடுவது, தோலை குளோர்ஹெக்சிடின் மருந்தால் துடைப்பது, தொடை மடிப்பில் லைன் போடுவதைத் தவிர்ப்பது, தேவை முடிந்தால் உடனே எடுப்பது. இந்த ஐந்துதான். அதோடு ஒரு முக்கியமான அதிகாரத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார்கள்: இதில் ஒன்றை டாக்டர் விட்டுவிட்டால், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். ஒன்றரை வருடத்தில் 1000 லைன் நாட்களுக்கு சராசரி 7.7 என்று இருந்தது 1.4 ஆகக் குறைந்தது.

பிரசவ ஜன்னியும் கை கழுவலும்

நம் பாட்டிமார் காலத்தில் "பிள்ளை பெத்து ஜன்னி கண்டு போயிட்டா" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஜன்னி பெரும்பாலும் கர்ப்பப்பையின் காயம் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியதால் வந்ததுதான். பேய், காற்று, கருப்பு எதுவும் இல்லை. இதைக் கண்டுபிடித்த கதை நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்ப்பார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். 1846-இல் டாக்டர் வார்டில் 4,010 பிரசவத்தில் 459 தாய்மார் இறந்தார்கள். நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல். மருத்துவச்சி வார்டில் நூற்றுக்கு மூன்று கூட இல்லை. ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். டாக்டர் வார்டில் போடாதீர்கள் என்று காலில் விழுந்து கெஞ்சுவார்களாம். தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. படித்தவர்களுக்குப் புரியாத கணக்கு அந்தப் பெண்களுக்குப் புரிந்திருக்கிறது பாருங்கள்.

அங்கே வேலை பார்த்த செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1847-இல் அவருடைய நண்பரான ஒரு டாக்டர், பிணப் பரிசோதனையின்போது கத்தி கையில் கீறி, ஜன்னி கண்ட தாய்மார் போலவே காய்ச்சல் வந்து இறந்தார். அப்போதுதான் பொறி தட்டியது. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள்! மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. அந்த மே மாதமே எல்லோரும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் தாயைத் தொட வேண்டும் என்று கட்டாயமாக்கினார். 1848-இல் அதே வார்டில் 3,556 பிரசவத்துக்கு 45 சாவுதான். கிருமியால்தான் இந்த நோய் வருகிறது என்பதே அன்றைக்கு மருத்துவ உலகத்துக்குத் தெரியாது. "டாக்டர் கை அசுத்தமா?" என்று பெரிய டாக்டர்களுக்குக் கோபம். செம்மல்வைஸை ஏளனம் செய்தார்கள். கடைசியில் அவர் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, 1865-இல் காயம் புரையோடி அதே மாதிரி நஞ்சு ஏறி இறந்தார்.

நம் தமிழ்நாட்டிலும் ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிரசவம், நல்ல மருந்து, ரத்த வங்கி என்று எல்லாம் சேர்ந்து நிலைமை மாறியிருக்கிறது. 2001-03-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் அது 54.

கூட இருப்பவர் கையில் இருப்பது

வெளிநாட்டில் நோயாளியைத் துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் நர்ஸ் வேலை. நம் ஊரில் இதில் பெரும்பகுதியைச் செய்வது கூட இருக்கும் அட்டெண்டர், அதாவது நாம்தான். அம்மா, மனைவி, மகள், மருமகள். ஒரு நர்ஸுக்கு எத்தனையோ நோயாளி. ஒரு நோயாளிக்கு 24 மணி நேரமும் இரண்டு கண் நாம்தான். அதனால் டாக்டர் கை மட்டும் அல்ல, நம் கையும் கணக்கில் வரும்.

கை கழுவுவதை முதலில் சொல்கிறோம். நோயாளியைத் தொடும் முன்னும், தொட்ட பின்னும், மூத்திரப் பை, பெட்பேன், சளி, புண் துணி எதையாவது தொட்ட பின்னும், சாப்பாடு ஊட்டும் முன்னும். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக் கண், கட்டை விரல், மணிக்கட்டு எல்லாம் தேய்த்து, ஓடும் தண்ணீரில். கட்டில் முனையில் கைக்குத் தேய்க்கும் மருந்து பாட்டில் மாட்டியிருந்தால் அது டாக்டருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கை நிறைய விட்டு, காயும் வரை, 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். கையில் அழுக்கோ ஈரமோ தெரிந்தால் அந்த மருந்து போதாது, சோப்புதான். கழுவிவிட்டு முந்தானையில் துடைத்தால் கழுவியது வீண். காலையிலிருந்து அந்த முந்தானை எங்கெல்லாம் பட்டதோ! ஒரு சுத்தமான சின்னத் துண்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊசி போட்ட இடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை பாருங்கள், தொட வேண்டாம், கண்ணால் போதும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி, கசிவு, ரத்த நாளம் கயிறு போல் தடிப்பது, பிளாஸ்திரி நனைவது, அழுக்காவது, தளர்வது. இதில் எது இருந்தாலும் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்ல வேண்டும். மேலே துணி கட்டுவது, தேங்காய் எண்ணெய் தடவுவது, விபூதி வைப்பது எதுவும் கூடாது. உடம்பு துடைக்கும்போது அந்தக் கையைத் தள்ளி வைத்துவிட்டுத் துடையுங்கள். பாட்டில் தீர்ந்துவிட்டால் நாமே குழாயைக் கழற்றி மூடுவது, திருகுவது வேண்டாம். "பக்கத்து பெட் அக்கா கழட்டிக் கொடுத்தாங்க" என்பது நிறைய வார்டுகளில் நடக்கிறது. அந்த மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் கதவு திறக்கிறது.

அவசரப் பிரிவில் வேகமாகப் போட்ட ஊசியை இரண்டு நாளுக்குள் மாற்றிவிடுவது நல்லது என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. நாம் என்ன செய்யலாம்? ஊசி போட்ட தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரே ஒரு கேள்வி: "டாக்டர், இந்த ஊசி, இந்த மூத்திரக் குழாய் இன்னும் தேவைப்படுதுங்களா?" இந்தக் கேள்வி ஒரு குழாயை ஒரு நாள் முன்னால் எடுக்க வைத்தால், ஒரு நாள் ஆபத்து குறைகிறது.

மூத்திரப் பையைக் கட்டிலின் மேல் வைக்கக் கூடாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது வார்டு பாய் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார். வைக்கும்போதே அது திரும்பி உள்ளே போகும். மரியாதையாக வாங்கிக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டிலிலேயே ஏறி உட்காருவது, பத்துப் பேர் கையைப் பிடித்து அழுவது, இருமலோடு வருவது, கைக்குழந்தையைத் தூக்கி வருவது. வராமல் இருந்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று நமக்கும் பயம், அவர்களுக்கும் பயம். ஐ.சி.யு.வில் ஒருவர்தான் உள்ளே என்று செக்யூரிட்டி தடுத்தால் சண்டை போட வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் நம் கட்சி.

இனி கஷ்டமான விஷயம். டாக்டரோ நர்ஸோ கை கழுவாமல் அடுத்த பெட்டிலிருந்து நேராக நம் நோயாளியிடம் வந்தால் எப்படிச் சொல்வது? கூட்டத்தில் இதைக் கேட்டபோது, "சொன்னா அப்புறம் ஊசி வலிக்கிற மாதிரி போடுவாங்க" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம். சிரிப்புக்குப் பின்னால் உண்மையான பயம் இருக்கிறது. வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேச நமக்கு எத்தனை வருடம் ஆயிற்று! அந்த அனுபவத்தை இங்கேயும் கொண்டு வரலாம். குற்றம் சொல்வது போல் அல்லாமல், கைமருந்து பாட்டிலை எடுத்து நீட்டி, "சிஸ்டர், இந்தாங்க மருந்து. பையனுக்கு ஏற்கெனவே காய்ச்சல், பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான நர்ஸ்கள் கோபப்பட மாட்டார்கள். கையுறை போட்டிருந்தாலும் ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடிதான். ஒரே கையுறையோடு ஐந்து பெட் போவது கை கழுவாததற்குச் சமம்.

எப்போது ஓட வேண்டும்

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ, வீட்டுக்கு வந்த சில நாளிலோ இவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: உடம்பைத் தூக்கிப்போடும் குளிர் நடுக்கம், காய்ச்சல் அல்லது வழக்கத்துக்கு மாறாக உடம்பு சில்லிடுவது, வேகமாக மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், நாள் முழுக்க மூத்திரம் போகாதது. பிரசவமான தாய்க்கு இதோடு அடிவயிற்று வலியும் நாற்றமடிக்கும் தீட்டும் இருந்தால் இன்னும் அவசரம். டயாலிசிஸ் செய்துகொண்டு வந்த அன்று நடுக்கம் வந்தால் குழாயில்தான் சந்தேகம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். "கிழவிக்கு மூளை கொழம்பிப் போச்சு" என்று விட்டுவிடுவது இங்கேதான்.

பச்சைக் குழந்தைக்கு அடையாளம் வேறு. பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், கை கால் சில்லென்று இருக்கும், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விடும், மூச்சு விடும்போது நெஞ்சுக் குழி உள்ளே இழுக்கும், வலிப்பு வரும். டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைக் கவனித்தார்கள். நூற்றுக்கு 14 குழந்தைகளுக்கு செப்சிஸ். ரத்தத்தில் கிருமி உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைக்கவில்லை. அதனால் தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காமல் காயவிடுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். எடை குறைந்த குழந்தையைத் தாய் நெஞ்சோடு தோல் பட அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பைப் பற்றி, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிறந்தவுடனே அப்படி அணைத்த குழந்தைகளில் சாவு 25 சதவீதம் குறைந்தது. பணம் செலவில்லாத மருந்து இது.

ரத்தம் எடுக்க வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கல்ச்சர் பரிசோதனைக்குப் பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். இரண்டு இடத்திலிருந்து எடுப்பார்கள். "ஏற்கெனவே வெளுத்துக் கிடக்கிறான், இவ்வளவு ரத்தம் எடுக்கறீங்களே" என்று தடுக்காதீர்கள். உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. எடுப்பது அதில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. கூடிய வரை மருந்து ஆரம்பிக்கும் முன்பே எடுத்தால்தான் கிருமி சிக்கும். முளைக்க வைத்துப் பார்ப்பதால் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். விதை நெல்லை ஈரத் துணியில் கட்டி முளைப்புப் பார்ப்பது போலத்தான்.

ஒரு பாட்டில் குளுக்கோஸ்

இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், மாத்தூர் பக்கமெல்லாம் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள், "அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கிளினிக்கில் கேட்பது பழக்கமாகிவிட்டது. நம் உறுப்பினர்களிலும் உண்டு. நடவு முடிந்தால் ஒன்று, திருவிழா முடிந்தால் ஒன்று. ஊசி போடாத டாக்டர் நல்ல டாக்டர் இல்லை என்றும் பேசுகிறோம்.

அந்த அரை லிட்டர் பாட்டிலில் என்ன இருக்கிறது? சாதாரண 5 சதவீத குளுக்கோஸ் என்றால் 25 கிராம் சர்க்கரைதான். ஐந்தாறு டீஸ்பூன். இரண்டு இட்லியில் கிடைக்கும் சத்தும் ஏறக்குறைய அவ்வளவே. வாயால் சாப்பிட, குடிக்க முடிகிற ஒருவருக்கு அசதிக்காக இதை ஏற்றுவது, இட்லி விலைக்குக் கிடைப்பதைப் பல மடங்கு காசு கொடுத்து, கரையில் ஒரு துளையும் போட்டுக்கொள்வது. அசதிக்குக் காரணம் ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், தூக்கமில்லாத ஷிஃப்ட்டாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது. வாந்தி நிற்காதவர், மயக்கத்தில் இருப்பவர், ரத்த அழுத்தம் இறங்கியவர் இவர்களுக்குத்தான் பாட்டில் உயிர் காக்கும்.

ஊசி தேவைப்பட்டாலும் சிரிஞ்சை நம் கண் முன்னால் உறை பிரித்து எடுக்க வேண்டும். இதைக் கேட்பது உரிமை.

மருந்துக்கு அடங்காத கிருமி

2010 ஆகஸ்டில் சென்னை மீது உலகத்தின் பார்வை திரும்பியது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் இங்கிலாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சென்னையில் எடுத்த மாதிரிகளில் 44 கிருமிகளிடம் 'என்.டி.எம்.-1' என்ற ஆயுதம் இருப்பது தெரிந்தது. ஐ.சி.யு.வில் வேறு மருந்து கேட்காதபோது போடும் விலை உயர்ந்த கார்பபெனம் மருந்துகளையே உடைத்துவிடும் ஆயுதம். ஹரியானாவில் 26, இங்கிலாந்தில் 37 என்று அங்கும் கிடைத்தது. பெயரில் 'நியூ டெல்லி' என்று இருந்ததால் நம் நாட்டில் பெரிய சர்ச்சை. பெயரைப் பற்றிய சண்டையில் விஷயம் கொஞ்ச காலம் காணாமல் போய்விட்டது என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் 2012-இல் டாக்டர் அப்துல் கஃபூர் முயற்சியில் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கட்டுப்படுத்த வழி சொன்னார்கள். அதற்கு 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் கடைக்காரர் தனி நோட்டில் பதிய வேண்டும் என்ற விதி வந்தது. 2019-இல் கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை செய்தது. கோழிப் பண்ணைக் கடன் வாங்கிய குழுக்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சளிக்கு மருந்துக் கடையில் "நாலு கேப்சூல் கொடுங்க" என்று வாங்கி, இரண்டு போட்டுவிட்டு மீதியைத் தகர டப்பாவில் வைக்கிறோம். சளியும் ஜலதோஷமும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் குடலில் இருக்கும் கிருமிக்கு அந்த மருந்தோடு பழக்கம் ஏற்படுகிறது. பிறகு ஒருநாள் நாம் ஆபரேஷனுக்குப் படுக்கும்போது ரத்தத்தில் ஏறுவது அதே பழகிய கிருமிதான். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டாக்டர் 14 நாள் என்றால் 14 நாள். நம் உறுப்பினர் மகனுக்கு ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. "ஜுரம்தான் இல்லையே, கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று வீட்டில் சண்டை. கடை மூடிக் கிடக்கிறது, வட்டி ஓடுகிறது, கோபம் நியாயம்தான். ஆனால் இந்தக் கிருமி பாதி மருந்தில் தப்பினால் இதய வால்விலும், எலும்பிலும், ஆபரேஷனில் வைத்த தகட்டிலும் போய் ஒளிந்துகொண்டு மறுபடி வரும். அந்த அம்மா பிடிவாதமாக இருந்து முடித்துக்கொண்டுதான் வந்தார்.

பணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால் மருத்துவமும், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்தில் 91 நாள் வரையும் கேட்டுப் பெறலாம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகக் கருத வழி உண்டு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் இன்றே கேளுங்கள். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் ஒரே பையில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு இலவசமாகப் பேசலாம். டிஸ்சார்ஜ் சீட்டையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

கூட்டத்தில் பேச:

சென்ற ஒரு வருடத்தில் நம் குழுவில் எத்தனை பேர் அசதிக்காகக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டோம், அதற்கு மொத்தம் எவ்வளவு செலவு? உள்கடன் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தபோது சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? வீட்டு மருந்து டப்பாவில் மீதி இருக்கும் மாத்திரை அட்டைகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், கிராம சுகாதார செவிலியரை அழைத்து எது என்ன என்று கேட்போம். நம் ஊரிலிருந்து யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், கூட இருப்பவருக்கு ஒரு சோப்பு, ஒரு சின்னத் துண்டு, தேதி எழுத ஒரு பேனா வாங்கிக் கொடுக்கக் குழு நிதியிலிருந்து எடுக்கலாமா? தீர்மானம் போட்டால் கூட்டமைப்புக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.